சும்மா இருந்த விரிசல் ஏன் திடீரென ஓடுகிறது?

போன வாரம் குக்கர் விசில் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் கொஞ்சம் சொந்தச் சோகம்.

அப்பாவின் கார் பழைய கார். இரண்டாவது கை. ஆனால் அதை அவர் துடைக்கும் அழகைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய வண்டி என்று நினைப்பீர்கள். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, விழுப்புரம் தாண்டி, முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி பறந்து வந்து முன் கண்ணாடியில் 'டப்'பென்று அடித்தது. நிறுத்திப் பார்த்தோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு நட்சத்திரப் புள்ளி. அவ்வளவுதான்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், இப்பவே ஃபில் பண்ணிடுங்க. அரை மணி நேர வேலை. விட்டா ஓடிடும்" என்றார். சில நூறு ரூபாய் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். "இத்தனூண்டு புள்ளிக்கா? வியாபாரத்துக்குச் சொல்றான்" என்று வண்டியை எடுத்துவிட்டார். ஒரு பத்திரிகையாளராக நான் அப்போதே இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஐந்து வாரம் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் விடியற்காலை அக்காவின் வளைகாப்புக்கு மதுரை கிளம்ப வேண்டும். வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்த காரை அப்பா ஹோஸ் போட்டுக் கழுவினார். ஒரு மெல்லிய 'டிக்' சத்தம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, டிரைவர் பார்க்கும் இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறு ஓரம் வரை போயிருந்தது. அப்பா கையில் ஹோஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மூடக்கூடத் தோன்றவில்லை.

மதுரைக்குப் பஸ்ஸில்தான் போனோம். வளையல் பெட்டி, பலகாரத் தூக்கு, அம்மாவின் முட்டிவலி எல்லாவற்றோடும். வழியெல்லாம் அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "அஞ்சு வாரம் சும்மா இருந்தது, அன்னிக்கு மட்டும் ஏன்மா ஓடிச்சு?"

அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் போனதுதான் இந்த வாரக் கட்டுரை.

ஷாம்பு பாக்கெட்டில் இருக்கும் பதில்

ஷாம்பு சாஷேயின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்த வெட்டு இல்லாத பாக்கெட்டைப் பல்லால் கடித்தாலும் கிழியாது. வெட்டு இருந்தால் குழந்தைகூடக் கிழித்துவிடும். ஜவுளிக் கடையில் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு நறுக்கு வைத்துவிட்டு 'டர்ர்' என்று கிழிப்பார்களே, அதே வித்தைதான்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான தெருவில் எல்லோரும் பரவலாக நடக்கிறார்கள். நடுவில் ஒரு தடுப்பு வைத்துவிட்டால், அதைச் சுற்றிப் போக வேண்டிய அத்தனை பேரும் தடுப்பின் இரண்டு முனைகளில் வந்து நெரிகிறார்கள். நெரிசல் தெரு முழுக்க இல்லை, முனையில்தான். ஒரு பொருளை இழுக்கும்போது அதற்குள் ஓடும் விசையும் அப்படித்தான். விரிசல் வழியாக அது போக முடியாது. சுற்றிக்கொண்டு போய் முனையில் குவிகிறது.

எவ்வளவு குவிகிறது என்று 1913-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ். இழுக்கப்படும் ஒரு தகட்டில் வட்டமான ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் விசை 3 மடங்கு. அதே ஓட்டை, இழுக்கும் திசைக்குக் குறுக்காக, அகலத்தைப் போல 10 மடங்கு நீளமான நீள்வட்டமாக இருந்தால் முனையில் 21 மடங்கு. முனை கூராகக் கூர, கணக்கு எங்கேயோ போய்விடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். விரிசலின் முனை ஏறக்குறைய அணு அளவுக்குக் கூரானது. இங்லிஸ் கணக்குப்படி பார்த்தால், விரிசல் இருக்கும் எந்தப் பொருளும் லேசாகத் தொட்டாலே உடைய வேண்டும். ஆனால் எங்கள் கார் ஐந்து வாரம் ஓடியதே?

சோப்புக் குமிழி கிரிஃபித்

இதை அவிழ்த்தவர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. 1917-ல், ஜி.ஐ.டெய்லரோடு சேர்ந்து, விமானப் பாகங்களில் விசை எப்படிப் பரவுகிறது என்பதை சோப்புப் படலத்தை வைத்து அளந்து காட்டினார். அதனால் சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சோப்புக் குமிழி கிரிஃபித்'.

அடுத்து அவர் கையில் எடுத்தது கண்ணாடி. சூடாக்கி, நூல் மாதிரி இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று பார்த்தார். நூல் மெலிய மெலிய, அதன் தடிமனுக்கு அது தாங்கும் பாரம் கூடிக்கொண்டே போனது. மிக மெல்லிய இழை, சாதாரணக் கண்ணாடியைவிட சுமார் 20 மடங்கு பலமாக இருந்தது. அதே கண்ணாடிதான்! தடிமனான கண்ணாடியில் நம் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமே இல்லை என்பது அவர் கண்டுபிடித்த காரணம்.

1921-ல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரத்தை வீட்டு பாஷையில் சொன்னால், அது வரவு-செலவுக் கணக்கு. விரிசல் நீள வேண்டுமென்றால் புதிதாக இரண்டு பரப்புகளைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். வரவு எங்கிருந்து? வளைந்தோ இழுபட்டோ இருக்கும் கண்ணாடிக்குள், இழுத்த ரப்பர் பேண்டில் இருப்பதுபோல ஆற்றல் தேங்கி நிற்கிறது. விரிசல் நீளும்போது பக்கத்துப் பகுதி தளர்ந்து அந்த ஆற்றல் விடுபடுகிறது.

இப்போது கணக்கு. விரிசலின் நீளம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. ஆனால் வரவு நான்கு மடங்கு. மூன்று மடங்கு நீளம் என்றால் செலவு மூன்று, வரவு ஒன்பது. விரிசல் குட்டியாக இருக்கும்வரை செலவுதான் அதிகம், அதனால் அது நகராது. ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் வரவு முந்திவிடும். அதன்பிறகு யாரும் தள்ள வேண்டாம். தன் செலவுக்குத் தானே சம்பாதித்துக்கொண்டு ஓடும்.

அந்த எல்லை நீளம் நிரந்தரமானது அல்ல. இழுக்கும் விசை இரண்டு மடங்கானால், எல்லை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நேற்றுவரை பாதுகாப்பாக இருந்த அதே விரிசல், இன்று எல்லையைத் தாண்டிய விரிசல்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "அன்னிக்கு யாரும்மா இழுத்தா?"

ஹோஸ்தான் இழுத்தது. வெயிலில் காய்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இன்னும் சூடு, அது சுருங்க மறுக்கிறது. விளைவு, மேற்பரப்பு நாலாபக்கமும் இழுபடுகிறது. கல் அடித்த புள்ளி அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஈரத் துணியில் வைத்துவிட்டு 'படக்' சத்தம் கேட்ட அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். அதே கதை.

தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு, இது எனக்கே புதிது. கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் பின்னல். விரிசலின் முனையில் இழுபட்டு நிற்கும் அந்தப் பிணைப்பில் தண்ணீர் மூலக்கூறு புகுந்தால், பிணைப்பை எளிதில் பிரித்துவிடும். அதனால் ஈரக் காற்றிலேயே கண்ணாடி விரிசல் மெதுமெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நீளும். அந்த ஐந்து வாரமும் எங்கள் புள்ளி 'சும்மா' இருந்தது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரிஃபித்துக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜே.ஈ.கோர்டன் என்ற விஞ்ஞானி தன் புத்தகத்தில் சொல்லும் கதை இது. ஒருநாள் இரவு ஆய்வகத்தில் கண்ணாடி உருக்கும் கேஸ் அடுப்பை அணைக்காமல் போய்விட்டார்கள். தீப்பிடித்தது. விசாரணை நடந்தது. கண்ணாடியோடு விளையாடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கிரிஃபித்தை இன்ஜின் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஜெட் இன்ஜினுக்கு அடிப்படையான கம்ப்ரஸர் ஆராய்ச்சியில் அவர் பெயர் பெரிய பெயர்.

இரும்பு கண்ணாடியான இரவு

எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் நசுங்கும், கண்ணாடி டம்ளர் விழுந்தால் சிதறும். உலோகத்தில் விரிசல் முனையில் விசை குவியும்போது, அந்த இடம் கொஞ்சம் இளகி, முனை மழுங்கிவிடும். ஆற்றலில் பெரும்பகுதி அதிலேயே செலவாகிவிடும். கண்ணாடிக்கு இளகத் தெரியாது. உடைய மட்டும்தான் தெரியும்.

ஆனால் உலோகமும் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும் சந்தர்ப்பம் உண்டு. 1943 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். இரண்டாம் உலகப் போர்க்காலம். ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், சோதனை ஓட்டம் முடித்துவிட்டுத் துறையில் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை, யாரும் குண்டு போடவில்லை. குளிரான இரவு. திடீரென்று ஒரு மைல் தூரம் கேட்கும் சத்தத்தோடு கப்பல் நடுவில் பிளந்தது. மேல்தளத்தில் தொடங்கிய விரிசல் இரண்டு பக்கமும் இறங்கி அடிப்பகுதி வரை போய்விட்டது. கப்பலின் நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ள, இரண்டு முனைகளும் ஆற்றின் தரையில் உட்கார்ந்தன.

போருக்காக அவசர அவசரமாக சுமார் 2,700 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களை அமெரிக்கா கட்டியது. அவற்றிலும் இதேபோல விரிசல்கள் வந்தன. வெல்டிங் சரியில்லை என்று எல்லோரும் வெல்டர்களைத் திட்டினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணிதான், பிரச்னை எஃகிலேயே இருக்கிறது என்று காட்டினார். குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த எஃகு இளகும் குணத்தை இழந்து, கண்ணாடி மாதிரி உடைந்தது.

வெல்டிங்குக்கும் ஒரு பங்கு உண்டுதான், ஆனால் வேறு விதத்தில். பழைய கப்பல்களில் தகடுகளை ரிவிட் அடித்து இணைத்தார்கள். ஒரு தகட்டில் விரிசல் ஓடினால் அந்தத் தகட்டின் ஓரத்தில் முடிந்துவிடும். வெல்டிங்கில் கப்பல் முழுக்க ஒரே துண்டு. விரிசலுக்கு ராஜபாட்டை! கூடவே, சரக்கு இறக்கும் திறப்புகளின் மூலைகள் சதுரமாக இருந்தன. கூர்மையான மூலை என்றால் விசை குவியும் இடம். பிறகு மூலைகளை வளைத்தார்கள், விரிசலை நிறுத்துவதற்கென்றே ரிவிட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள். ஸ்கெனெக்டடி பழுது பார்க்கப்பட்டு மறுபடி கடலுக்குப் போனது.

ஓடும் விரிசலை நிறுத்த இன்னொரு வழி, அதன் முனையில் ஓட்டை போடுவது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இங்லிஸ் கணக்கை நினைத்துப் பாருங்கள். கூர் முனையைவிட வட்ட ஓட்டை எவ்வளவோ மேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற சுதந்திர மணியில் 1846-ல் இதைத்தான் முயன்றார்கள். மெல்லிய விரிசலின் வழியே வரிசையாகத் துளையிட்டு அதை அகலமாக்கினார்கள். இன்று படங்களில் பெரிதாகத் தெரியும் அந்தப் பிளவு, உண்மையில் ரிப்பேர் வேலை. துரதிர்ஷ்டம், அதன் மேல்முனையிலிருந்து இன்னொரு விரிசல் கிளம்பிவிட்டது. மணி அதன்பிறகு பேசவில்லை. நம் ஊரில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து, 'ணங்' என்று வராவிட்டால் ஒதுக்கிவிடுவார்களே, அந்த ஒதுக்கப்பட்ட பானையின் நிலைதான்.

விரிசலோடு சண்டை போடாமல் அதை வேலை வாங்கியவர்களும் உண்டு. மாமல்லபுரத்தில் பாறைகளைச் சுற்றி நடந்தால், நேர்கோட்டில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளைப் பார்க்கலாம். அந்தக் குழிகளில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளப்பது கல்தச்சர்களின் வழி. கருங்கல் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. எங்கே இழுக்க வேண்டும் என்பதைக் குழிகளின் வரிசை முடிவு செய்கிறது. கிரிஃபித்துக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால்!

போனும் பாத்ரூம் கதவும்

முன் கண்ணாடி மட்டும் ஏன் கோடாக ஓடியது, தூள்தூளாகவில்லை? அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய சாண்ட்விச். விரிசல் வெளித்தகட்டில் மட்டும் ஓடி, படலத்தில் நின்றுவிட்டது. உள்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தேன், வழவழவென்றுதான் இருந்தது.

பக்கத்துக் கண்ணாடிகள் பெரும்பாலும் வேறு ரகம், டெம்பர்டு. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்று அடித்து மேற்பரப்பை மட்டும் முதலில் குளிரவைப்பார்கள். கடைசியில் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் மாட்டிக்கொள்ளும். அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் வாய் திறக்க முடியாது, அதனால் பலம் அதிகம். ஆனால் ஒரு விரிசல் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், தேங்கிய மொத்த ஆற்றலும் ஒரே நேரத்தில் விடுபடும். நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகம், அதாவது காற்றில் ஒலி போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கல்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். யாரும் தொடாமலே நள்ளிரவில் பாத்ரூம் கண்ணாடிக் கதவு வெடித்தது என்று கேள்விப்பட்டால் பேய் என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பின்போது உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள் மெல்ல விரிவடைந்தாலும் அப்படி நடக்கும். ஓரத்தில் பட்ட பழைய அடியும் காரணமாகலாம்.

நல்ல போன்களின் திரையில் இதே வேலையை வேதியியல் செய்கிறது. உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை ஊறவைத்தால், சோடியம் வெளியேறி அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் வந்து உட்காரும். மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்த மாதிரி மேற்பரப்பு இறுகிவிடும். அந்த இறுக்கத்தைக் கீறித் தாண்டுவது பையில் இருக்கும் சில்லறை அல்ல, மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. மெரினா போய்விட்டு வந்து போனைப் பேன்ட் பையில் திணிப்பவர்கள் கவனிக்க.

கடைக்காரர் சொன்ன அந்த ஃபில்லிங் விஷயத்துக்கு வருகிறேன். புள்ளியிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, திரவ ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் கெட்டியாக்குகிறார்கள். பிளந்த பக்கங்கள் மறுபடி ஒட்டிக்கொள்வதால் விசை அதன் வழியே போகும், முனையில் குவிவது குறையும். ஈரமும் உள்ளே போகாது. புள்ளி சின்னதாக, புதிதாக, அழுக்கு இறங்காமல் இருக்கும்போதுதான் இது நன்றாகப் பிடிக்கும். கோடு ஓடிய பிறகு கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். மாற்றினோம். பில் தொகையை எழுத அப்பா அனுமதிக்கவில்லை. கடைக்காரர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அப்பாவுக்கு இன்னும் வலித்தது.

நடுவில் புள்ளி விழுந்து ஃபில் பண்ணும்வரை காரை நிழலில் நிறுத்துங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் அடிக்காதீர்கள். கதவை அடித்துச் சாத்தாதீர்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அப்பா போய் நின்ற இடம் எங்கள் ஹால் ஜன்னல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் சுவரில் மேலேறுகிறது. கப்பலின் சதுர மூலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். தெரிந்த இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டினோம். சுவரில் ஜன்னலுக்காக வெட்டிய திறப்பின் மூலையில் இப்படி வருவது சகஜம், பூச்சோடு நிற்கிறதா, செங்கல்லையும் பிளக்கிறதா, வளர்கிறதா என்பதுதான் கேள்வி என்றார். விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்கச் சொன்னார். கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

மூன்று வாரம் ஆகிறது. தாண்டவில்லை. தினமும் காலையில் காபிக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறார். நேற்று வந்த அக்கா, கோட்டைப் பார்த்துவிட்டு "யாருப்பா சுவத்துல கிறுக்கினது?" என்று ஈரத்துணியோடு போனாள். அப்பா ஓடிவந்த வேகத்துக்கு ஸ்பீடோமீட்டர் வைத்திருக்கலாம்.